இரவில் இறங்கும்போது எதை நம்புவது: கண்ணையா, பாப்பி விளக்கையா, கணக்கையா, கருவியையா?

சேலம் விமான நிலையம் ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதை 04/22 (இரு முனைகளின் திசை எண்கள்; 04 என்றால் வடகிழக்கு நோக்கி), நீளம் 1,806 மீட்டர். கிழக்கே, நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டர் சுமாருக்கு ஏற்காடு. சேர்வராயன் உச்சி 5,300 அடியைத் தொடுகிறது. மேற்கே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு, தெற்கே கஞ்சமலை. இங்கே எந்த நேரத்தில் இறங்கலாம் என்பதை ஏஐபி என்ற அதிகாரபூர்வ விமானத் தகவல் ஏடும், ‘நோட்டம்’ (NOTAM) என்ற அவ்வப்போதைய அறிவிப்பும்தான் சொல்லும். இரவு விஷுவல் அப்ரோச்சில் விமானி எங்கே ஏமாறுகிறார் என்று பார்க்க இந்த நிலம் நல்ல மாதிரி என்பதால் இதை எடுத்துக்கொள்கிறோம்.

விஷுவல் அப்ரோச் என்றதும் அது விஎஃப்ஆர், அதாவது கண்பார்வை விதிப்படி நடக்கும் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஐஎஃப்ஆரில், அதாவது கருவி விதிப்படி வரும் விமானம், கருவி வழிமுறையை முழுதாக முடிக்காமல், தரையைப் பார்த்து இறங்க அனுமதி வாங்குவதுதான் அது. ‘ஓடுபாதை தெரிகிறது’ என்று சொன்ன நொடியிலிருந்து மலையிலிருந்து விலகி நிற்கும் பொறுப்பு விமானியின் தலையில்.

முதலில் கண். பகலில் தென்னை, வரப்பு, வீட்டுக்கூரை எல்லாம் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வரும். இரவில் அவை மறைந்து, இருட்டில் மிதக்கும் விளக்குச் சட்டம் ஒன்றுதான் மிஞ்சும். அந்தச் சட்டம் கண்ணில் விழும் கோணம் மாறாமல் இருந்தால் சரியாக இறங்குகிறோம் என்று மூளை முடிவு கட்டுகிறது. உண்மையில் நெருங்க நெருங்க அந்தக் கோணம் பெரிதாக வேண்டும். அதை மாறாமல் பிடித்துக்கொண்டால் விமானம் நேர்ச்சரிவில் வராது. வில்லாக வளைந்து தாழ்ந்து, ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையைத் தொடும். போயிங்கில் பணியாற்றிய உளவியலாளர் கான்ராட் கிராஃப்ட் 1960களில் சிமுலேட்டரில் இதைச் சோதித்தார். அனுபவம் மிகுந்த விமானிகளே தாழப் பறந்தார்கள். ஊர் விளக்குகள் மேட்டில் ஏறிப்போகும் இடத்தில் பிழை இன்னும் கூடியது.

இதைச் சேலத்தில் பொருத்திப் பாருங்கள். மேட்டூர்ப் பக்கமிருந்து வந்தால் கீழே கரிய நீர், எதிரே ஊர் வெளிச்சம், அதற்கும் மேலே மலையில் ஏற்காட்டு விளக்குகள். அந்த விளக்குகளை அடிவானமாக எடுத்துக்கொண்டால் மூக்கின் நிலையே தவறாகிவிடும். பெங்களூரு நெடுஞ்சாலையின் விளக்கு வரிசை வேறு ஓடுபாதை போலவே ஆசை காட்டும். சென்னை, பெங்களூருவின் 45 மீட்டர் அகல ஓடுபாதைக்குப் பழகிய கண்ணுக்கு 30 மீட்டர் பாதை தொலைவில் இருப்பதாகப் படும். ‘உயரமாக இருக்கிறோம்’ என்று தோன்றும். கை தானாகத் தாழ்த்தும். கண்ணாடியில் மழைத்துளி நின்றாலும் இதே விளைவுதான். சரிவைத் தீர்மானிக்கும் வேலையை இரவில் கண்ணிடம் விடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இறங்கு சரிவை நிறத்தால் காட்டும் பாப்பி (PAPI) விளக்கு இதைவிட எவ்வளவோ மேல். ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு பெட்டிகள்: இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரிவு சரியான 3 பாகை. மூன்று வெள்ளை 3.2 சுமார், நான்கும் சிவப்பென்றால் 2.5க்கும் கீழே. இரவில் 20 மைலிலிருந்தே தெரியும். சிக்கலும் அங்கேதான். தெரிகிற தூரம் எல்லாம் பாதுகாப்பான தூரம் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் கணக்கில், மையக்கோட்டின் இருபுறமும் 10 பாகைக்குள், ஓடுபாதை முனையிலிருந்து 3.4 கடல் மைல் வரைதான் தடையில்லை என்ற உறுதி. கிழக்கிலிருந்து சாய்வாக வரும் ஒருவருக்குப் பாப்பி வெள்ளை காட்டலாம். நடுவே சேர்வராயன் தோள் நிற்பதை அது சொல்லாது.

2002 ஜூலை 26, அதிகாலை இருட்டு, ஃப்ளோரிடாவின் டல்லாஹாசி. ஃபெடெக்ஸ் 1478, போயிங் 727 சரக்கு விமானம், விஷுவல் அப்ரோச்சில் ஓடுபாதைக்கு முன்னால் மரங்களில் மோதி விழுந்தது. பாப்பி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. விமானத்தை ஓட்டிய துணை விமானிக்கு நிறம் பிரித்தறிவதில் குறை. மூவரும் களைத்திருந்தார்கள். மூவரும் உயிர் பிழைத்தது பெரும் பேறு. விளக்கு எரிந்தால் போதாது. அதைப் பார்த்து ‘நான்கு சிவப்பு’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

கணக்கு வழிக்குச் செலவே இல்லை. ஒரு கடல் மைலுக்கு 300 அடி, கூடவே நிலைய உயரம். சேலத்துக்கு: 5 மைலில் 2,500, 3 மைலில் 1,900, 1 மைலில் 1,300. இறங்கு வேகம் என்பது தரை வேகத்தின் ஐந்து மடங்கு. 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 550 அடி. 800ஐத் தாண்டினால் ஏதோ தவறு. தூரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜிபிஎஸ் நிலையத்தின் நடுப்புள்ளியைக் காட்டினால், முனைக்கு அரை மைல் வித்தியாசம் விழும். 150 அடி உயரமாக வந்து கடைசியில் மூக்கை அமுக்க நேரும்.

கருவிச் சரிவு, அதாவது தரையிலிருந்து ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐஎல்எஸ் அல்லது செயற்கைக்கோளை நம்பி வரும், செங்குத்து வழிகாட்டலுள்ள ஆர்என்பி, எங்கே இருக்கிறதோ அங்கே அதைப் போட்டுவிட்டு விஷுவலாக இறங்குவதே எங்கள் தேர்வு. 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா 759 ஓடுபாதை என்று நினைத்து பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்து செல்லும் டாக்ஸிவேக்கு நேராக வந்தது. அங்கே நான்கு விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. ஐஎல்எஸ் அலைவரிசை வைக்கப்பட்டிருந்தால் கோடு விலகியது உடனே தெரிந்திருக்கும், அது வைக்கப்படவில்லை.

ஆர்என்பி சரிவு பெரும்பாலும் காற்றழுத்தத்தை நம்புவது. உயரமானியில் வைக்கும் அழுத்த அளவான கியூஎன்ஹெச் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரத்தில் ஏறக்குறைய 28 அடி போகும். 2022 மே மாதம் பாரிஸில் ஒரு ஏ320க்கு 1001க்குப் பதில் 1011 கொடுக்கப்பட்டது. ஓடுபாதைக்குச் சுமார் ஒரு மைல் முன்னால் தரைக்கு 6 அடி வரை தாழ்ந்துவிட்டது. வெப்பமும் கணக்கில் வரும். சித்திரை இரவின் 30 பாகை வெப்பத்தில் 3 பாகைச் சரிவு ஏறக்குறைய 3.2 ஆகிவிடும், பாப்பி மூன்று வெள்ளை காட்டும். அதைப் பார்த்துப் பதறி அமுக்க வேண்டியதில்லை. மெல்லப் பாப்பிக்கு ஒத்து வந்தால் போதும்.

ஓடுபாதையோடு சேரும் விதத்திலும் இரண்டு தேர்வு உண்டு. குறுக்கே வெட்டிச் சேர்ந்தால் நேரம் மிச்சம். ஆனால் திருப்பமும் இறக்கமும் இருட்டில் ஒன்றாக விழும். ஐந்து மைலுக்கு அப்பாலேயே மையக்கோட்டில் நேராகிவிடுவது இரவுக்கு ஏற்றது. தரைக்கு மேல் 1,000 அடியில், அதாவது சேலத்தில் உயரமானி 2,000 காட்டும்போது, வேகமும் சரிவும் நேர்க்கோடும் கைக்குள் இல்லையென்றால் கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மீண்டும் மேலெழுவது. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை இறங்கத் தொடங்கும் முன்பே சார்ட்டைப் பார்த்து இருவரும் பேசி வைத்திருக்க வேண்டும்: 04இல் வந்து மேலெழுந்தவர் வலப்பக்கம் திரும்பினால் எதிரே இருப்பது சேர்வராயன்.