கபசுரக் குடிநீரா, டெக்சாமெத்தசோனா? சோதனைகளை வைத்து ஓர் ஒப்பீடு

சித்த மருத்துவமா, ஆங்கில மருத்துவமா என்ற வாதம் செட்டிநாட்டு வீடுகளில் கொரோனாவோடு ஓய்ந்துவிடவில்லை. காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் உறுதியாகச் சொல்வார்: "கபசுரக் குடிநீர் குடித்தேன், நோய் வரவில்லை. வேறென்ன சான்று வேண்டும்?" "அடுத்த வீட்டில் குடிக்கவே இல்லை, அவர்களுக்கும் வரவில்லையே ஆச்சி" என்றால் பேச்சு நின்றுவிடும். மருத்துவச் சோதனை தொடங்க வேண்டிய இடமே அந்த அடுத்த வீடுதான். மருந்தை உட்கொண்டவர்களை, உட்கொள்ளாத ஒத்த நிலையினரோடு ஒப்பிடாமல் எந்த மருந்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்த ஒப்பீட்டைப் பெரிய அளவில் செய்து காட்டியது, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2020 மார்ச்சில் தொடங்கிய 'ரிகவரி' சோதனை. டெக்சாமெத்தசோன் பழைய, மலிவான ஸ்டீராய்டு. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில், கணினி வழிக் குலுக்கல் முறையில் 2,104 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26.2 சதவீதம் 23.3 ஆயிற்று. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் இல்லை. மருந்து பெற்றவர்களில் 17.8, பெறாதவர்களில் 14 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்த மூன்றாவது முடிவை நம் ஊர்களில் போதிய அளவு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம். இரண்டாம் அலையில் நாடெங்கும் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கியவர்கள் பலர். கட்டுப்படாத சர்க்கரை நோயோடு அதுவும் சேர்ந்து, கருப்புப் பூஞ்சைக்கு வழி திறந்தது.

இதே ரிகவரி சோதனைதான் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினால் பலனில்லை என்றும் காட்டியது. கொரோனாவிலிருந்து குணமானவர்களின் ரத்தத் திரவத்தை நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சையின் கதை இன்னும் வேதனையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் சோதித்து, பயனில்லை என்று 2020-லேயே வெளியிட்டுவிட்டது. ஆனாலும் 2021 ஏப்ரல், மே மாதங்களில் பிளாஸ்மா கொடையாளர் கேட்டு வாட்ஸ்அப்பில் குடும்பங்கள் தவித்தன. அந்த மே மாதத்தில்தான் அரசின் வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்கினார்கள். சான்று இல்லாத நம்பிக்கை ஆங்கில மருத்துவத்திலும் உண்டு.

இனி கபசுரக் குடிநீர். சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு என 15 சரக்குகள் சேர்ந்த கஷாயம். தமிழ்நாட்டில் நடந்த குலுக்கல் முறைச் சோதனை ஒன்றில், தொற்று உறுதியாகியும் அறிகுறி இல்லாத 60 பேரில் பாதிப் பேருக்கு இதையும் மீதிப் பேருக்கு வைட்டமின் சி, துத்தநாக மாத்திரைகளையும் கொடுத்தார்கள். கஷாயம் குடித்தவர்களிடம் வைரஸ் அளவு கூடுதலாகக் குறைந்தது என்பது முடிவு. யாருக்கு எது தரப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது என்று இதைச் சிலர் குறை கூறுகிறார்கள். ரிகவரியும் அப்படித்தான் நடந்தது; போலி மருந்து கொடுத்து மறைக்கவில்லை. ஆனால் அங்கே எண்ணியது மரணத்தை. மருத்துவரின் விருப்பு வெறுப்பால் அந்த எண்ணிக்கை மாறாது. இங்கே குறை வேறு. அறிகுறியே இல்லாத 60 பேரை வைத்துக்கொண்டு, இந்தக் கஷாயம் உயிரைக் காக்குமா, மருத்துவமனைக்குப் போகாமல் தடுக்குமா என்று அறிய வழியே இல்லை.

சித்த மருத்துவர்கள் சிலர், வாதம், பித்தம், கபம் பார்த்து ஆளுக்கேற்ற மருந்து தருவதால் இவ்வகைச் சோதனை தங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். தனி நோயாளியின் நாடி பிடித்துச் செய்யும் சிகிச்சைக்கு அது நியாயம். தொற்றுக் காலத்தில் தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து ஒரே கஷாயம்தானே கிடைத்தது? எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுக்க முடிந்ததை எல்லோரிடமும் ஒன்றாகச் சோதிக்கவும் முடியும்.

இன்று வீட்டில் ஒருவருக்குக் கொரோனா வந்து ஆக்சிஜன் அளவு இறங்கினால், என் தேர்வில் தயக்கமில்லை: மருத்துவமனை, அங்கே மருத்துவர் பார்த்துத் தரும் டெக்சாமெத்தசோன். கஷாயத்தை நம்பி ஒரு நாள் தாமதிப்பதும் ஆபத்து. லேசான காய்ச்சலில் ஸ்டீராய்டு கூடாது. சித்த மருத்துவர் சொல்லிக் கபசுரக் குடிநீர் குடிப்பவரை நான் தடுக்க மாட்டேன், அதை நோய்த்தடுப்பு அரணாக எண்ணி முகக்கவசத்தையும் தடுப்பூசியையும் விட்டுவிடாதவரை.

என் கோபமெல்லாம் நழுவிப்போன வாய்ப்பைப் பற்றியது. தொற்றுக் காலத்தில் ஊரின் எல்லா வார்டுகளுக்கும் ஒரே நாளில் கஷாயம் போய்ச் சேர்ந்திருக்காது. எந்த வார்டுக்கு முதலில், எதற்கு இரண்டு வாரம் கழித்து என்பதைக் குலுக்கிப்போட்டு முடிவு செய்து, இடைப்பட்ட நாட்களில் ஒவ்வொரு வார்டிலிருந்தும் எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்று குறித்திருக்கலாம். காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரங்கள் பலவற்றைச் சேர்த்திருந்தால் எண்ணிக்கையும் போதியிருக்கும். கஷாயம் யாருக்கும் மறுக்கப்பட்டிருக்காது. கூடுதலாகத் தேவைப்பட்டது ஒரு குலுக்கலும் ஒரு பதிவேடும்தான்.