பழைய முகவரியிலிருந்து புதியதற்கு: ரீடைரக்ட் விதிகளை எங்கே வைப்பது?

தளம் மாற்றும்போது, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பும் ரீடைரக்ட் விதிகளை வைக்க நான்கு இடங்கள் உண்டு: வெப் சர்வர், தளத்தை இயக்கும் மென்பொருள், சர்வருக்கு முன்னால் நிற்கும் சிடிஎன் (பல இடங்களிலிருந்து பக்கங்களை வழங்கும் சர்வர் வலையமைப்பு), வேறு வழியே இல்லாதபோது பக்கத்தின் எச்டிஎம்எல். முதல் நாளில் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். எதைச் சொடுக்கினாலும் புதிய பக்கம் திறக்கும். பழைய ஹோஸ்டிங்கை நிறுத்தும்போதும், வேர்ட்பிரஸ்ஸை விட்டு வேறு மென்பொருளுக்குப் போகும்போதும்தான் வேறுபாடு வெளிவரும். ஆகவே பழைய இயந்திரம் போன பிறகும் அந்த விதி உயிரோடு இருக்குமா என்பதை முதலில் கேளுங்கள். வேகம், வசதி எல்லாம் அதற்குப் பிறகு.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும், பழைய முகவரி, புதிய முகவரி என்று இரண்டு பத்திகள் கொண்ட ஒரு சிஎஸ்வி பட்டியலைத் தனியாக வைத்திருங்கள். சைட்மேப் மட்டும் போதாது. சர்வர் லாக், கூகுளின் சர்ச் கன்சோல், பிற தளங்கள் தந்திருக்கும் இணைப்புகள் ஆகியவற்றிலிருந்தும் சேகரியுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து விதிகளை ஸ்கிரிப்ட் உருவாக்கட்டும். கையால் எழுதிய விதிகளை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பெரும் வேதனை.

301, 302, 307, 308

இவை சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் பதில் எண்கள். நிரந்தர மாற்றத்துக்கு 301. 308-ம் நிரந்தரம்தான், வேறுபாடு போஸ்ட் வேண்டுகோளில் (படிவத் தரவை அனுப்பும் வகை) இருக்கிறது. 301 கிடைத்தால் பிரவுசர்கள் போஸ்ட்டை கெட் (பக்கத்தைக் கேட்க மட்டும் செய்யும் வகை) ஆக மாற்றி அனுப்பிவிடும், படிவத்தில் நிரப்பியது தொலைந்துபோகும். 308 அதை அப்படியே காப்பாற்றும். கட்டுரைப் பக்கங்களுக்கு 301 போதும். மென்பொருள்கள் தமக்குள் பேசப் பயன்படுத்தும் ஏபிஐ முகவரிகளுக்கு 308 வேண்டும். 302-ம் 307-ம் தற்காலிகத்துக்கு.

301-ஐப் பிரவுசர் கேஷில் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், தவறான விதி ஒன்றை வெளியிட்டு, பிறகு திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோனவர்கள் பழைய தவறான இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார்கள். சோதிக்கும்வரை 302 வையுங்கள். அல்லது முதல் வாரம் 301-உடன் கேஷ்-கன்ட்ரோல் தலைப்பில் மேக்ஸ்-ஏஜ் 3600 என்று கொடுங்கள். தவறு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒட்டாது.

இணையான புதிய பக்கம் இல்லாத பழைய பக்கத்துக்கு 410 ('நீக்கப்பட்டுவிட்டது') கொடுப்பதுதான் நேர்மை. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளினால் கூகுள் அதை 'சாஃப்ட் 404' ஆகவே, அதாவது பக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். படிப்பவருக்கும் தேடி வந்தது கிடைக்காது.

அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா?

இரண்டும் வெப் சர்வர் மென்பொருள்கள். அப்பாச்சியின் பலம், தளத்தின் கோப்புறையிலேயே வைக்கும் எச்டிஅக்செஸ் என்ற அமைப்புக் கோப்பு. சர்வரின் முதன்மை அமைப்பைத் தொட முடியாத ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் பெரும்பாலும் அது கிடைக்கும். சேமித்த உடனே வேலை செய்யும், ரீலோட் தேவையில்லை. ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் அப்பாச்சி அந்தக் கோப்பை மறுபடி படிப்பதால்தான் இந்த வசதி. 50 வரி என்றால் கவலையில்லை. 3000 ரீரைட்ரூல் (முகவரியை மாற்றி எழுதும் விதி) வரிகளை அதில் கொட்டினால், படம், எழுத்துரு உட்பட ஒவ்வொரு கோப்புக்கும் அத்தனை விதிகளும் மேலிருந்து கீழாகச் சரிபார்க்கப்படும்.

பலரும் தடுக்கி விழும் இடங்கள் இவை. ரீடைரக்ட் கட்டளை பாதையின் தொடக்கத்தைத்தான் பொருத்திப் பார்க்கும்: /செய்தி என்பதை /இதழ் என்று திருப்பினால் /செய்தி/12 தானாகவே /இதழ்/12 ஆகிவிடும். வேண்டுமென்று செய்தால் வசதி, தெரியாமல் செய்தால் 404. கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை (க்வெரி ஸ்ட்ரிங்) அந்தக் கட்டளை பார்ப்பதே இல்லை; ஐடி=45 போன்ற பழைய முகவரிகளுக்கு ரீரைட்கண்ட் என்ற நிபந்தனை வரி வைத்து க்வெரி ஸ்ட்ரிங்கைச் சோதித்து, அதன் கீழே ரீரைட்ரூல் எழுத வேண்டும். அங்கே க்வெரி ஸ்ட்ரிங்கை நீக்கும் க்யூஎஸ்டி கொடி சேர்க்காவிட்டால் பழைய ஐடி=45 புதிய முகவரியின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வரும். எச்டிஅக்செஸ்ஸில் எழுதும் ரீரைட்ரூல் வடிவம் சாய்கோட்டில் தொடங்கினால் எதுவுமே பொருந்தாது. அந்தச் சாய்கோடு முன்பே நீக்கப்பட்டுவிடுகிறது. ரீடைரக்ட், ரீரைட்ரூல் இரண்டிலும் எண் குறிப்பிடாமல் திருப்பினால் கிடைப்பது 302.

பட்டியல் பெரிதென்றால் ரீரைட்மேப். ஒரு உரைக் கோப்பில் சோடிகளை வைத்தால் ஒரே விதி அத்தனையையும் தேடிக்கொள்ளும். ஆனால் அதை சர்வரின் முதன்மை அமைப்பிலோ விர்ச்சுவல் ஹோஸ்ட் (அங்கே ஒரு தளத்துக்கான பிரிவு) அமைப்பிலோதான் அறிவிக்க முடியும், எச்டிஅக்செஸ்ஸில் முடியாது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவருக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டதே.

என்ஜின்எக்ஸில் எச்டிஅக்செஸ் கிடையாது. எல்லாம் முதன்மை அமைப்பில், தொடங்கும்போதே நினைவகத்தில் ஏறிவிடும். ஒழுங்கற்ற ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு அதன் மேப் பிளாக் (பழையது, புதியது என்ற சோடிகளின் பட்டியல்) மிகச் சிறந்த கருவி: வரிசையாகப் பார்க்காமல் நேரே எடுக்கும் ஹாஷ் தேடல், அதற்கு ஒரே ஒரு ரிட்டர்ன் 301. ரீரைட் வரிகளை அடுக்குவதைவிட இது வேகம், படிக்கவும் எளிது. மாற்றம் செய்தால் முதலில் என்ஜின்எக்ஸ் -டி (nginx -t) கட்டளை கொண்டு இலக்கணப் பிழை இல்லையா என்று பாருங்கள், பிறகு ரீலோட். ரிட்டர்ன் க்வெரி ஸ்ட்ரிங்கைத் தானாகக் கடத்தாது, ரீரைட் கடத்தும். விளம்பர இணைப்புகளின் கண்காணிப்புக் குறிகள் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழ் முகவரிகள் உள்ள தளங்களுக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (எழுத்துக்கோ புள்ளி, கொம்பு போன்ற குறிக்கோ உள்ள யுனிகோட் எண்) 3 பைட். ஒவ்வொரு பைட்டையும் % குறியிட்டு எழுதும் சதவீதக் குறியீட்டில் 9 எழுத்து. 'தமிழ்' என்ற சொல் 5 புள்ளிகள், ஆக 45 எழுத்து. மேப்புக்கு ரிக்வெஸ்ட்_யுஆர்ஐ மாறியைக் கொடுத்தால் அது குறியீடு நீக்கப்படாத மூல வடிவத்தைப் பார்க்கும், க்வெரி ஸ்ட்ரிங்கும் சேர்ந்திருக்கும். யாராவது ஒரு கண்காணிப்புக் குறியை ஒட்டிப் பகிர்ந்தாலே பொருத்தம் தப்பிவிடும். யுஆர்ஐ மாறி குறியீடு நீக்கப்பட்டது, க்வெரி ஸ்ட்ரிங் இல்லாதது. பட்டியலில் தமிழையே எழுதலாம். எப்படி எழுதினாலும் நீண்ட தலைப்புகள் வந்ததும் 'மேப்_ஹாஷ்_பக்கெட்_சைஸ் போதவில்லை' என்று என்ஜின்எக்ஸ் தொடங்க மறுக்கும். 512 என்று உயர்த்துங்கள், அதுவும் போதாவிட்டால் 1024. இலக்கு முகவரியை மட்டும் சதவீதக் குறியீட்டிலேயே வையுங்கள், ஏனெனில் லொகேஷன் தலைப்பில் வெறும் ஆஸ்கி எழுத்துகள்தான் இருக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் ப்ளகின்

ரீடைரக்ஷன் போன்ற ப்ளகின்களின் உண்மையான பயன் இடமாற்றத்துக்குப் பிந்தைய அன்றாட வேலையில் இருக்கிறது. ஆசிரியர் குழுவில் ஒருவர் தலைப்பைத் திருத்தினால் அவரே ஒரு விதியைச் சேர்க்கலாம். 404 பதிவையும் அங்கேயே பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு ரீடைரக்ட்டுக்கும் பிஎச்பி எழுந்து, தரவுத்தளத்தைத் தொட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறது. வேர்ட்பிரஸ்ஸை அணைத்தால் விதிகளும் அணைந்துவிடும். முழு இடமாற்றத்தையும் ப்ளகின் தலையில் ஏற்ற வேண்டாம்.

வேர்ட்பிரஸ்ஸிலிருந்து வெளியேறுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிவின் ஸ்லக் (முகவரியில் தலைப்பைக் குறிக்கும் பகுதி) 200 எழுத்துக்குள் வெட்டப்படும், அதுவும் சதவீதக் குறியீட்டில் எண்ணிய 200. தமிழில் அது ஏறத்தாழ 22 புள்ளிகள். ஆகவே தலைப்பிலிருந்து பழைய முகவரியைக் கணித்தால் பாதி தவறாகும். தரவுத்தளத்தின் போஸ்ட்_நேம் பத்தியிலிருந்து அப்படியே எடுங்கள்.

சிடிஎன், எச்டிஎம்எல், டொமைன் ஃபார்வேர்டிங்

டொமைனே மாறுகிறது, பழைய சர்வரை மூடப் போகிறோம் என்றால் சிடிஎன்னுக்குத்தான் என் ஓட்டு. கிளவுட்ஃப்ளேர் போன்றவற்றில் பட்டியலை மொத்தமாக ஏற்றலாம், பதில் விளிம்பிலிருந்தே (படிப்பவருக்கு அருகிலுள்ள சிடிஎன் சர்வரிலிருந்தே) போகும், பின்னால் சர்வர் இருக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால் விதிகள் ஒரு டாஷ்போர்டுக்குள் கிடக்கும். யார் எப்போது மாற்றினார் என்பது கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வரலாற்றில் இருக்காது. நெட்லிஃபை வேறு மாதிரி: விதிக் கோப்பு தளத்தின் கோப்புகளோடு சேர்ந்தே வரும். அங்கே முதலில் பொருந்தும் விதிதான் வெல்லும். நட்சத்திரக் குறியிட்ட பொது விதியை மேலே வைத்தால் கீழே உள்ள எதுவும் இயங்காது.

கிட்ஹப் பேஜஸ் போன்ற நிலைத்த ஹோஸ்டிங்கில் 301 அனுப்பவே வழியில்லை. ஒவ்வொரு பழைய முகவரியிலும் 0 நொடி மெட்டா ரிஃப்ரெஷ் (பிரவுசரை வேறு முகவரிக்கு அனுப்பும் எச்டிஎம்எல் வரி) கொண்ட ஒரு சிறு பக்கத்தை வைக்க வேண்டும். கூகுள் அதை நிரந்தர ரீடைரக்ட்டாகவே எடுத்துக்கொள்கிறது. ஆர்எஸ்எஸ் வாசிப்பான்களுக்கும் படக் கோப்புகளுக்கும் அது உதவாது. அவை பார்ப்பது 200 ('சரி' என்ற பதில்) மட்டுமே. ஜாவாஸ்கிரிப்ட் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பழைய முகவரிகள் # குறிக்குப் பின்னால் பாதையை வைத்திருந்தால். அந்தப் பகுதி சர்வருக்கு வருவதே இல்லை.

டொமைன் விற்பவர் தரும் ஃபார்வேர்டிங்கை நம்ப வேண்டாம். பாதையைக் கைவிட்டு எல்லாரையும் முகப்புக்கு அனுப்புபவை அதில் உண்டு. பழைய டொமைனுக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தராதவையும் உண்டு.

சங்கிலியும் சோதனையும்

எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாததற்கு, பிறகு புதிய பாதைக்கு என்று மூன்று தாவல்கள் சேர்வது வெகு சாதாரணம். கூகுள்பாட் 10 தாவல்வரை தொடரும் என்றாலும், ஒரே தாவலில் இறுதி முகவரிக்குப் போகும்படி எழுதுங்கள். முன்பு ஒருமுறை தளம் மாறியிருந்தால் அந்தக் காலத்து விதிகளின் இலக்குகளையும் இன்றைய முகவரிக்கு மாற்றுங்கள்.

சிஎஸ்வியின் ஒவ்வொரு வரியையும் கர்ல் என்ற கட்டளைக் கருவி கொண்டு ஓட்டி மூன்றைப் பதிவு செய்யுங்கள்: முதல் பதிலின் எண், தாவல்களின் எண்ணிக்கை, இறுதிப் பக்கத்தின் எண். 301, 1, 200 என்று வராத வரிகளை மட்டும் கையால் பாருங்கள். 410 வர வேண்டியவற்றைத் தனிப் பட்டியலில் வையுங்கள். பழைய டொமைனின் ரோபாட்ஸ் கோப்பு தேடுபொறிகளைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் ரீடைரக்ட்டை அவை பார்க்கவே முடியாது.

விதிகளைக் குறைந்தது 1 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பிற தளங்களின் இணைப்புகள் 1 ஆண்டில் மறைவதில்லை, ஆகவே முடிந்தவரை எடுக்காதீர்கள். பழைய டொமைனின் பதிவுக் கட்டணத்தோடு அதன் சான்றிதழும் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருக்க வேண்டும். சான்றிதழ் காலாவதியான அன்றே, விதி சரியாக இருந்தும், படிப்பவர் காண்பது பிரவுசரின் எச்சரிக்கைத் திரையைத்தான்.