38,400 ரூபாய் கொடுத்து மாட்டுக்கு யூரியா வாங்கியிருக்கிறேன், மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் செவலை மாடு தீவனம் தின்ற அரை மணி நேரத்தில் கட்டுத்தரையில் சரிந்து விழுந்தது. இன்று திங்கள். மாடு பிழைத்துவிட்டது, பணம் போய்விட்டது, 38,400 ரூபாய். விற்றவர்கள் இன்று காலையில் என் எண்ணையே தடை செய்துவிட்டார்கள். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை, வருகிறபடி எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தாராபுரம் பக்கம் இருக்கிறோம். கறவையில் 7 மாடு, எல்லாம் கலப்பினம், இரண்டு வேளையும் சேர்த்து 68 லிட்டர் சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். இத்தனை வருடமாகத் தீவனம் எங்கள் கைக்கலவைதான்: மக்காச்சோள மாவு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தவிடு, உளுந்தம் பொட்டு, தாது உப்பு. புண்ணாக்கு விலை ஏறிக்கொண்டே போனதால்தான் வெளியே பார்க்க ஆரம்பித்தேன். அப்போது போனில் ஒரு விளம்பரம் வந்தது. மாட்டுத் தீவனமும் மருந்தும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் செயலி ஒன்று. பெயர் சொல்லவில்லை, இப்படி நிறைய இருக்கின்றன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பைபாஸ் புரதத் தீவனம், புரதம் 24 சதவீதம், 50 கிலோ மூட்டை" என்று போட்டிருந்தது. எண்ணைப் பதிந்தேன், பத்து நிமிடத்தில் ஒருவன் கூப்பிட்டான்.

நான் ஏமாந்த இடம் அந்தப் போன் பேச்சுதான். எடுத்தவுடன் விலை சொல்லவில்லை. "அக்கா, எத்தனை மாடுங்க, எத்தனாவது ஈத்துங்க" என்று கேட்டான். அப்புறம், "சாணி எப்படிங்க்கா போடுது? கட்டியாவா, தண்ணியாவா, சோளம் முழுசா வருதுங்களா?" என்றான். சாணியைப் பற்றி விசாரிக்கிறவனுக்கு மாடு தெரியும் என்றுதானே யாரும் நினைப்போம்? படுத்திருக்கும் நேரத்தில் எத்தனை மாடு அசை போடுகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னான். முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தீவனத்தை உடைக்கின்றன, நல்ல புரதமும் அங்கேயே உடைந்து பாதி வீணாகிறது, அதனால் அங்கே உடையாமல் தாண்டிப்போய் நாலாம் வயிற்றிலும் குடலிலும் செரிக்கிற மாதிரி பக்குவப்படுத்திய புரதத்துக்குப் பெயர்தான் பைபாஸ், நிறையக் கறக்கும் மாட்டுக்கு அது வேண்டும் என்றான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிறகு எங்கள் கால்நடை டாக்டரிடம் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

நானும் மனம் விட்டுப் பேசினேன். எங்கள் அப்பா காலத்தில் பயிற்சிக்குப் போய்வந்து, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்து மாட்டுக்குப் போட்டதைக்கூடச் சொன்னேன். "அப்பா பெரிய ஆளுங்க்கா" என்றான். இந்த ஒரு பேச்சை அவன் பின்னால் எப்படித் திருப்பினான் என்று சொல்கிறேன்.

மூட்டை 1,750, இன்றைக்கே பணம் கட்டினால் 1,600, குறைந்தது 24 மூட்டை எடுக்க வேண்டும், அப்படித்தான் வண்டி வாடகை கட்டுப்படியாகும் என்றான். 38,400 ரூபாய். ஆய்வக அறிக்கை என்று ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பினான், புரதம் 24.2 என்று இருந்தது. செயலி வழியாகக் கட்டினால் கூடுதல் கட்டணம் விழும், இந்த எண்ணுக்குப் போடுங்கள் என்றான். போட்டேன். பில் கேட்டதற்கு "மூட்டையோட வருங்க்கா" என்றான். பில் வரவேயில்லை.

மூட்டை மூன்றாம் நாள் வந்தது. வாயைப் பிரித்ததும் வெல்லப்பாகு வாசனையோடு இன்னொரு நெடி, கண்ணைக் கரித்தது. போன் போட்டேன். "பைபாஸ் பக்குவம் பண்ணின வாசனைங்க்கா, ரெண்டு நாள் திறந்து வைங்க போயிடும்." பழக்க வேண்டாம், நேராக மாற்றிவிடலாம் என்றும் சொன்னான். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், ஒத்துக்கொள்ளவில்லை. எந்தத் தீவனமானாலும் பாதிக்குப் பாதி கலந்துதான் மாற்ற வேண்டும், எட்டுப் பத்து நாள் ஆகட்டும் என்றார். நான்கு நாள் அப்படிப் போட்டோம், அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை, முழுசாக மாற்றினேன். அத்தை பேச்சை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும்.

முழுசாக மாற்றிய முதல் நாளே இரண்டு மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டன. அடுத்த நாள் பால் 60க்கு இறங்கியது. கேட்டால் "புதுத் தீவனம், பழகணுங்க்கா." பழக்க வேண்டாம் என்று சொன்னவன்தான் இதைச் சொன்னான்.

வியாழக்கிழமை ஐந்தாவது மூட்டையைப் பிரித்தோம். செவலைக்கு எப்போதும் பசி அதிகம், மூன்று கிலோவையும் மளமளவென்று தின்றுவிட்டது. அரை மணி இருக்கும், தோல் எல்லாம் துடிக்க ஆரம்பித்தது, காது நடுங்கியது, பல்லை நறநறவென்று கடித்தது, வாயில் நுரை, மூச்சு இரைப்பு, இடது பக்க வயிறு மேளம் மாதிரி உப்பிவிட்டது. கால் பின்னி விழுந்தது. கையில் இருந்த போனில் முதலில் அவனைத்தான் கூப்பிட்டேன். "வெயில் உப்புசங்க்கா, ஆப்பச்சோடா கரைச்சு ஊத்துங்க, சரியாயிடும்" என்றான். வீட்டுக்காரர் சோடாவைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டருக்குப் போன் கிடைத்தது. நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டவர் ஒரே கேள்விதான் கேட்டார், "புதுத் தீவனம் ஏதாவது போட்டீங்களா?" ஆமாம் என்றதும் கத்தினார், "சோடாவைக் கீழே கொட்டுங்க! வினிகர் எத்தனை பாட்டில் கிடைக்குதோ வாங்கி வைங்க, பச்சைத்தண்ணி ரெண்டு குடம் எடுத்து வைங்க, நான் வர்ற வரைக்கும் வாயில எதையும் ஊத்தாதீங்க."

வந்தவர் குழாய் விட்டு நான்கு லிட்டர் வினிகரையும் அதன் பின்னால் குளிர்ந்த தண்ணீரையும் நேராக வயிற்றுக்குள் இறக்கினார். ராத்திரி பத்து மணிக்கு மாடு எழுந்து நின்றது. அவர் பக்கத்து ஊரில் இருந்ததால்தான் பிழைத்தது.

அந்த மூட்டையைத் தரையில் கொட்டிப் பார்த்தோம். அடியில் கோலிக்குண்டு அளவுக்கு வெள்ளைக் கட்டிகள். டாக்டர் தீவனத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அதில் பச்சைச் சோயா மாவு கொஞ்சம் போட்டு மூடி வைத்தார். சோயாவில் யூரியாவை உடைக்கும் நொதி இருக்கிறதாம். சிறிது நேரத்தில் திறந்தால் அமோனியா நெடி மூக்கில் ஏறியது, சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறியது. எங்கள் பழைய கைக்கலவையையும் அதே மாதிரி செய்து காட்டினார், ஒன்றும் ஆகவில்லை.

அப்போது அவர் சொன்ன கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான சோதனையில் தீவனத்தில் உள்ள புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அப்படியென்றால் ஒரு கிலோ யூரியா தாளில் கிட்டத்தட்ட 2.9 கிலோ புரதமாகத் தெரியும். 13 சதவீதம் புரதம் உள்ள மட்டமான தீவனத்தில் 4 சதவீதம் யூரியாவைக் கொட்டினால் தாளில் 24 வந்துவிடும். அந்த அறிக்கை உண்மையாகவே இருந்திருக்கலாம், அதை வைத்தே ஏமாற்றலாம். 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகள் செத்ததும் இதே ஓட்டை வழியாகத்தான் என்றார்.

மாட்டுக்கு யூரியா ஆகவே ஆகாது என்று இல்லை. நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக உடைத்து, மாவுச்சத்தின் பலத்தோடு தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்கின்றன, அந்த நுண்ணுயிர்கள் பின்னால் மாட்டுக்கே புரதமாகச் செரிக்கின்றன. அதனால்தான் கலப்புத் தீவனத்தில் 1 சதவீதம் வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது, அதுவும் சீராகக் கலந்து, பழக்கி. ஒரேயடியாக உள்ளே போனால் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன்பே அமோனியா குவிந்து, இரத்தத்தில் ஏறி, ஈரல் தாங்காமல் மூளையைப் பிடிக்கும். வயிறு ஏற்கெனவே காரமாக, அதாவது புளிப்புக்கு நேர் எதிராக இருக்கும், அதில் சோடாவை ஊற்றினால் இன்னும் காரமாகும், அமோனியா இன்னும் வேகமாக இரத்தத்தில் இறங்கும். வினிகரின் புளிப்பு அதைத் தடுக்கிறது. அந்தச் சோடாவை ஊற்றியிருந்தால் என் செவலை இன்று இல்லை. இன்னொன்று, முதல் வயிற்றில் எல்லாவற்றையும்விட வேகமாக உடைவது யூரியாதான். அதைப் போய் அங்கே உடையாத பைபாஸ் புரதம் என்று விற்றிருக்கிறார்கள்.

சரி, அதற்குப் பிறகு நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் விற்றவனைக் கூப்பிட்டேன், வெள்ளைக் கட்டிகளைப் படம் எடுத்து அனுப்பினேன். முதலில் "அது தாது உப்புங்க்கா" என்றான். லிட்மஸ் விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறியது. "மாட்டுக்கு யூரியா செரிக்குங்க்கா, உங்க அப்பாவே வைக்கோலுக்கு யூரியா போட்டவர்தானே, நீங்களே சொன்னீங்க" என்றான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. எங்கள் அப்பா என்ன போடுகிறோம் என்று தெரிந்து அளந்து போட்டார், மூன்று வாரம் ஊறி அமோனியா வைக்கோலில் ஏறிய பிறகு, பிரித்துக் காற்றாட விட்டுப் போட்டார். எனக்குத் தெரியாமல் என் தொட்டியில் போட்டவன் என் அப்பாவைச் சாட்சிக்கு இழுக்கிறான்.

செயலியின் கஸ்டமர் கேரில் ஒரு பெண் பேசினார். புகார் எண் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. மறுபடி கூப்பிட்டால் வேறொருவர், பிரித்த மூட்டையைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். பிரிக்காதது 19 மூட்டை இருக்கிறதே என்றேன். விற்பவர் வேறு, நாங்கள் இடத்தை மட்டும்தான் கொடுக்கிறோம், பணமும் எங்கள் கணக்குக்கு வரவில்லை என்றார். அப்படியென்றால் என் எண்ணை அவனுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டேன், லைன் துண்டித்துவிட்டது. சனிக்கிழமை அடுத்த ஆர்டருக்கு 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருந்தார்கள். 38,400 ரூபாய் கொடுத்து மாட்டைச் சாவு வரைக்கும் கொண்டுபோனவளுக்கு 500 ரூபாய்க் கூப்பன். இன்று காலை முதல் அவன் எண்ணும் போகவில்லை, கஸ்டமர் கேரும் எடுக்கவில்லை.

செவலை 13 லிட்டர் கறந்த மாடு, நேற்று 4 லிட்டர். மொத்தமும் சேர்த்து நேற்று 46. பழைய கலவைக்கே திரும்பிவிட்டோம், புண்ணாக்கைக் கடனுக்கு வாங்கியிருக்கிறோம். 19 மூட்டையும் கொட்டகையில் கிடக்கிறது. யாராவது கேட்டால் பாதி விலைக்குத் தள்ளிவிடு என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு வந்தது இன்னொருத்தர் கட்டுத்தரைக்குப் போக நான் விடமாட்டேன்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பணமோசடி என்று புகார் கொடுத்திருக்கிறேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். ஐந்தாவது மூட்டையிலும் பிரிக்காத ஒன்றிலும் மாதிரி எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று, யூரியாவுக்கென்று தனியாகப் பார்க்கச் சொல்லி.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கறவை நேரம் ஆகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். போனில் தரும் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். பில் இல்லாமல் ஒரு மூட்டைகூட இறக்காதீர்கள். தயாரித்தவர் முகவரியும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இல்லாத மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள், என் மூட்டையில் இரண்டுமே இல்லை, நான் பார்க்கவில்லை. அறிக்கையில் புரதம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், யூரியா எவ்வளவு என்று கேளுங்கள். முதலில் ஒரே ஒரு மூட்டை வாங்குங்கள். கண் கரிக்கும் நெடி இருந்தால் போடாதீர்கள், அசை போடும் பருவம் வராத கன்றுக்கு யூரியா கலந்த தீவனம் சுத்தமாகவே கூடாது. தின்ற கொஞ்ச நேரத்தில் மாடு நடுங்கினால் சோடா கொடுக்காதீர்கள், நடுங்கும் மாட்டுக்கு நீங்களாகப் பாட்டிலில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே டாக்டரையோ 1962 கால்நடை ஆம்புலன்ஸையோ கூப்பிட்டு, புதுத் தீவனம் போட்டேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இதே மாதிரி 24 சதவீதத் தீவனம் வாங்கி மாடு நடுங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். நாமக்கல் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.