பகுதி நேர ஊழியருக்கு எந்தக் காப்பீடு? ஈ.எஸ்.ஐ., குரூப் பாலிசி, தனி பாலிசி, முதல்வர் காப்பீடு

டியூஷன் சென்டர், சின்ன கிளினிக், அறக்கட்டளை அலுவலகம் மாதிரி இடங்களில் பாதி நாள் வேலை பார்ப்பவர்கள் மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டால், "பார்ட் டைம்தானே, அதெல்லாம் வராது" என்று முடித்துவிடுகிறார்கள். அது உண்மை இல்லை. தமிழ்நாட்டில் இவர்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஈ.எஸ்.ஐ.யை, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டை, பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

10 பேர் வேலை பார்க்கும் இடம் என்றால் ஈ.எஸ்.ஐ. கட்டாயம். காலையில் இரண்டு மணி நேரம் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிற அக்காவும் அந்தப் பத்தில் ஒருவர்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் 25,000. சம்பளத்தில் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 8,000 ரூபாய் வாங்குபவருக்கு 60 ரூபாய் பிடிப்பார்கள், நிறுவனம் 260 கட்டும். அந்த அக்காவுக்கு 26 நாளுக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாள் சராசரி 154 ரூபாய்தான் வருகிறது. சராசரி 176 ரூபாய் வரை ஊழியரிடம் பிடித்தமே கிடையாது. நிறுவனம் 130 ரூபாய் கட்டினால் அவர், கணவர், பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மா எல்லோருக்கும் வைத்தியம் உண்டு. வயதைப் பார்த்தோ சர்க்கரை அளவைப் பார்த்தோ கட்டணம் ஏறாது. இந்த விலைக்குத் தனியார் பாலிசியைத் தேடவே வேண்டாம், கிடைக்காது.

அதைவிட முக்கியம், படுத்துவிட்ட நாட்களுக்கான பணம். உடம்பு முடியாமல் போனால் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். மற்ற மூன்று வழிகளிலும் ஆஸ்பத்திரி பில்தான் பேச்சு; போன சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் பகுதி நேரக்காரர் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு ஆறு மாதமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வாரம் மூன்று நாள் வருபவருக்கு 26 வாரத்தில் சரியாக 78 நாள்தான் வரும். சம்பளமில்லாத லீவு ஒரு நாள் போட்டாலும் போச்சு. சனி, ஞாயிறு மட்டும் வருபவருக்கு 52தான், எட்டவே எட்டாது. மகப்பேறுக்குக் கணக்கு வேறு: முந்தைய இரண்டு ஆறு மாதங்களிலும் சேர்த்து 70 நாள் இருந்தால் போதும், 26 வாரம் முழுக் கூலி. ஆக, வார இறுதியில் மட்டும் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சலுக்குக் கிடைக்காத பணம் பிரசவத்துக்குக் கிடைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. முதலில் டிஸ்பென்சரி, அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டும். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உள்ள கே.கே. நகர், அயனாவரம், சிங்காநல்லூர் பக்கம் குடியிருப்பவர் சமாளிக்கலாம். தள்ளி இருந்து, மதியம் இன்னொரு இடத்திலும் வேலை பார்ப்பவருக்கு வரிசையில் நிற்கும் அரை நாளே ஒரு செலவு. நிறுவனங்களின் தயக்கம் வேறு மாதிரி. ஒருமுறை ஈ.எஸ்.ஐ.க்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. அதனால் பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்திவிட்டு, மற்றவர்களுக்கு வவுச்சரில் பணம் கொடுக்கும் வழக்கம் ஊரறிந்தது. பாதிக்கப்படுவது அந்த வவுச்சர்காரர்தான். உண்மையிலேயே பத்துக்குக் குறைவு என்றால், முதலாளியும் பெரும்பாலான ஊழியர்களும் ஒத்துக்கொண்டு விருப்பத்தின் பேரில் சேரலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதற்கு இடம் இருக்கிறது.

குரூப் பாலிசிக்கு, அதாவது நிறுவனம் தன் ஊழியர்களுக்குச் சேர்த்து எடுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு, ஒரு பெரிய கவர்ச்சி உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் தரும்படி பேசி வாங்க முடியும். 55 வயதில் பகுதி நேரக் கணக்கராகச் சேர்ந்த, சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு இது பெரிய விஷயம். சிக்கல் என்னவென்றால், சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவரைத்தான் காப்பீட்டுக் கம்பெனி ஊழியராகப் பார்க்கும். கன்சல்டன்ட் என்ற பெயரில், வரி பிடித்தம் போகப் பணம் வாங்குபவர்கள் பெரும்பாலும் வெளியே நிற்பார்கள். வேலையை விட்டால் பாலிசியும் போய்விடும். அதே கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற வழி இருக்கிறது, ஆனால் கம்பெனி உடல்நிலையைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்கும். போதாக்குறைக்குப் பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சின்ன அறக்கட்டளைக்கு அது திரும்பி வராத பணம்.

தனி பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் நாலைந்து பேர் உள்ள இடம் குரூப் பாலிசிக்கு அலைவதைவிட, பிரீமியத்தில் ஒரு பங்கைச் சம்பளத்தோடு கொடுத்து ஊழியர் பெயரிலேயே பாலிசி எடுக்கச் சொல்வது நல்லது. வேலை மாறினாலும் அது அவரோடு போகும். பழைய நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 30 வயதுக்காரருக்கு அது பெரிய பாரம் இல்லை. அந்த 55 வயதுக் கணக்கருக்கு இது சரிப்படாது, அவருக்குக் குரூப்தான்.

முதல்வர் காப்பீட்டுக்குப் பிரீமியமே கிடையாது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், அதாவது வீட்டில் எல்லோரும் சேர்ந்து மாதம் 10,000க்குள் இருக்க வேண்டும். 8,000 ரூபாய் பகுதி நேரச் சம்பளம் தனியாக இதற்குள் அடங்கும். கணவர் இன்னொரு 3,000 கொண்டுவந்தாலே தாண்டிவிடும். சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டர் ஃபீஸும் மாத்திரைச் செலவும் இதில் வராது. தகுதி இருப்பவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். அலுவலகத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.