வீட்டுக்குள் சிறுநீர் கழித்த நாயும் நான் ஏமாந்த 18,000 ரூபாயும்

பெங்களூரில் நாய் வளர்ப்பவர்கள் என்னைப் போல் ஏமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக ஒருமுறைகூட வீட்டை அசுத்தம் செய்யாத நாய் திடீரென்று கூடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், பயிற்சியாளரைத் தேடாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்று சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நான் பயிற்சியாளரைத் தேடினேன். அதன் விலையை எங்கள் செல்லி மூன்று வாரம் வலியோடும் தாகத்தோடும் கொடுத்தது.

செல்லி கருத்தடை செய்யப்பட்ட பெண் லேப்ரடார். எடை 28 கிலோ. அல்சூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். காலையும் மாலையும் கீழே அழைத்துப் போனால் போதும், மழை நாளிலும் அதற்குக் காத்திருக்கும் நாய் அது. கடந்த ஜூன் மாதத்தில் முதலில் வாசல் மிதியடியிலும், பிறகு சமையலறை வாசலிலும், கடைசியில் அப்பாவின் கட்டிலுக்கு அடியிலும் ஈரம் தெரிந்தது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கொடுத்த எண்ணை நம்பி, நாய்களின் நடத்தையைத் திருத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தேன்.

அவர் பத்து நிமிடம் செல்லியைப் பார்த்தார். "இது வீம்பு சார். வீட்டுல யார் பெரியவங்கன்னு உங்களைச் சோதிக்குது. பன்னிரண்டு வகுப்புல சரி பண்ணிடலாம்" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு வருகிறது, முக்குகிறதா, நிறம் எப்படி இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. 18,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு, சிறுநீர்ப்பையைப் பலப்படுத்தும் என்று சொல்லி, மேலே எந்த விவரமும் ஒட்டாத ஒரு மருந்துப் புட்டியையும் 1,200 ரூபாய்க்கு விற்றார். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் அல்லாதவர் விலங்குக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் விதித்த முறைகளை எழுதவே எனக்கு மனம் கூசுகிறது. காலையில் 200 மில்லி, மாலையில் 200 மில்லி, அதற்கு மேல் தண்ணீர் கிடையாது. தரையில் ஈரத்தைக் கண்டால் அதன் மூக்கை அந்த இடத்தில் அழுத்த வேண்டும். இரவில் பால்கனியில் கட்டிப்போட வேண்டும். மூக்கை அழுத்தியது ஒரே ஒரு நாள்தான். அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. ஆனால் தண்ணீரைக் குறைத்தேன், பால்கனியில் கட்டினேன். இரண்டாவது வாரம் ஒரு நாள் குளியலறைக் கதவு திறந்திருந்தபோது, செல்லி உள்ளே போய், வாளியைச் சுற்றித் தேங்கியிருந்த சோப்புத் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் காதை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது.

உண்மையை முதலில் சொன்னவர் வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ஆடு மாடுகளோடு வளர்ந்தவர். "தம்பி, அது வீம்பு இல்ல. உக்காருது, எழுந்திரிக்குது, திரும்ப உக்காருது, சொட்டுச் சொட்டாத்தான் வருது. அதுக்கு வலிக்குது" என்றார். பயிற்சியாளரிடம் இதைச் சொன்னபோது, நாய் நடிக்கிறது என்றும், இப்போது இரக்கப்பட்டால் அதுவரை கொடுத்த பயிற்சியெல்லாம் வீணாகிவிடும் என்றும் பதில் வந்தது. நான் அவரை நம்பினேன். மூன்றாவது வார இறுதியில், கூடத்து வெள்ளைத் தரையில் விழுந்த கடைசிச் சொட்டு இளஞ்சிவப்பாக இருந்தது.

அன்று மாலையே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். பயிற்சியாளர் கேட்காத கேள்விகள் அனைத்தையும் அவர் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டார். ஊசி மூலம் சிறுநீர்ப்பையிலிருந்தே மாதிரி எடுத்தார்; எக்ஸ்ரேயும் எடுக்கப்பட்டது. கிருமித் தொற்று இருந்தது, சிறுநீர்ப்பையில் இரண்டு கற்களும் இருந்தன. பெண் நாய்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் கிருமி எளிதில் மேலேறும் என்றும், சில வகைக் கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்குவதால் ஸ்ட்ரூவைட் என்னும் கல் உருவாகும் என்றும் விளக்கினார். அந்த வகைக் கல்லைத் தனி உணவாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலும் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல்லாக இருந்தால் கரையாது, வெளியேதான் எடுக்க வேண்டும். செல்லிக்கு இருந்தது முதல் வகை என்பதால் அறுவைச் சிகிச்சை இல்லாமல் தப்பியது.

தண்ணீர்க் கணக்கைக் கேட்டதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆரோக்கியமான நாய்க்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி வரை தேவைப்படும் என்றால், செல்லிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவில் வேண்டும். நான் கொடுத்தது 400 மில்லி. தண்ணீர் குறையக் குறையச் சிறுநீர் அடர்ந்து, கல் வளர்வதற்கு அதுவே வழி செய்கிறது. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கு இதையே செய்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அப்படிப்பட்ட நாய்கள் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல்கூடக் குடிக்கும். வீட்டில் ஒரு நாள் அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும். கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் தன்னையறியாமல் படுக்கையை நனைத்தால் அது வேறு கோளாறு, அதற்கும் மருந்து உண்டு. கருத்தடை செய்யாத பெண் நாய் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். முக்கியும் ஒரு சொட்டுக்கூட வராத நாயை, குறிப்பாக ஆண் நாயை, மறுநாள் வரை வைத்திருக்கவே கூடாது. இவற்றில் எதையும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வீம்பு என்று முடிவு கட்ட யாராலும் முடியாது. தனியார் மருத்துவமனைச் செலவுக்குத் தயங்குபவர்கள், ஹெப்பாலில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

மருந்து தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து செல்லி வீட்டுக்குள் ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை. ஆனால் நான் துடைப்பத்தை எடுத்தால் இன்றும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

மருத்துவ அறிக்கையை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். எட்டு வகுப்புகள் நடந்துவிட்டன, மீதி நான்கையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டு, என் எண்ணைத் தடை செய்துவிட்டார். பணம் அனுப்பிய சான்று, தண்ணீரைக் குறைக்கச் சொன்ன குறுஞ்செய்திகள், மருந்துப் புட்டி ஆகியவை என்னிடம் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இதேபோன்ற ஒருவரிடம் நீங்களும் பணம் கொடுத்திருந்தால், அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.