மொரிஷியஸில் மூன்று வாரம்: சாப்பாட்டுக் கூப்பனும் அண்ணனின் அட்டையும்

தைப்பூசத்துக்கு மொரிஷியஸில் எங்கள் ஊருக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. 2025இல் பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணனும் அவர் மகனும் காவடி எடுக்கிறார்கள், நீ பால்குடம் எடுக்கிறாயா என்று அம்மா போனில் கேட்டதும் அன்றைக்கே டிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளின் பள்ளியில் லீவு சொல்லி, ஆர்லாண்டோவில் ஏறி துபாயில் மாறி, மொரிஷியஸ் வந்து இறங்கினோம். ரோஸ் ஹில்லில் அதே வீடு. தமிழ் சொல்லிக்கொடுக்க அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து வாடகைக்குப் பிடித்து, பிறகு சொந்தமாக வாங்கிய வீடு. அப்பா இல்லை. அம்மா அண்ணன் குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறார்.

இந்த முறை பிள்ளைகளுக்காக மேற்குக் கரையில் உள்ள ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்கு இரண்டு தடவை போனோம், கிழக்குக் கரை ஓட்டல் ஒன்றில் இரண்டு இரவு தங்கினோம். மூன்று தடவையும் சாப்பாட்டுக்கு மூன்று விதமாகப் பணம் கொடுத்தோம். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு, அதிலும் தைப்பூசச் சமயத்தில் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் நான் எப்படித் தப்புக் கணக்குப் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில். டிஸ்னி வேர்ல்ட் ஒன்றரை மணி நேரத் தூரம். அங்கே சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம் ஒன்று உண்டு. டிஸ்னி ஓட்டலில் தங்கினால்தான் எடுக்க முடியும். கோவிட் சமயத்தில் நிறுத்தி வைத்திருந்ததை 2024 ஜனவரி 9 முதல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மலிவான திட்டத்தில் ஓர் இரவுக்கு ஆளுக்கு கவுண்டரில் வாங்கிக்கொள்ளும் இரண்டு சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி, அதோடு ஓட்டலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பானம் நிரப்பிக்கொள்ளும் குவளை ஒன்று. 2024இல் பெரியவர்களுக்கு 57.01 டாலர், மூன்று முதல் ஒன்பது வயது வரை 23.83 டாலர். பத்து வயது ஆனாலே பெரியவர் கணக்கு. எங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்கு ஏழு. ஆக மூன்று பெரியவர், ஒரு குழந்தை: ஓர் இரவுக்கு 194.86 டாலர். அறையில் ஒருவர் எடுத்தால் மூன்று வயது ஆன எல்லோரும் எடுக்க வேண்டும். மிச்சமான சாப்பாட்டுக் கணக்கு, அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு போய்விடும்.

இந்த 57 டாலருக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். சாப்பாட்டோடு வரும் பானம் 21 வயது ஆனவர்களுக்கு பீரோ ஒயினோ கூட இருக்கலாம். தட்டில் இறைச்சி எடுத்தாலும் காய்கறி எடுத்தாலும் ஒரே கணக்கு. இறைச்சி சாப்பிட்டு, கூடவே ஒரு பீரும் குடிப்பவருக்குத்தான் அந்தத் தொகை கட்டுபடியாகும். காய்கறிச் சோறும் எலுமிச்சைச் சாறும் வாங்கும் என் வீட்டுக்காரருக்கு ஒரு வேளை இருபது டாலரைத் தாண்டாது. அவருக்கு அது நஷ்டம்தான், நாங்கள் எடுத்த அந்த ஒரு தடவையிலேயே தெரிந்துபோயிற்று.

அதற்கு முன் எங்களிடம் வேறோர் அட்டை இருந்தது. டேபிள்ஸ் இன் வொண்டர்லேண்ட் என்று பெயர். ஃப்ளோரிடாவில் குடியிருப்பவர்களும் வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்களும் காசு கொடுத்து வாங்கலாம். உணவகங்களில் சாப்பாடு, பானம் இரண்டிலும் 20 சதவீதம் கழிவு. அட்டைக்காரரோடு சேர்த்துப் பத்துப் பேர் வரை ஒரே பில்லில் உட்காரலாம். 18 சதவீத டிப்ஸ் தானாகச் சேர்ந்துவிடும் என்பதால் கழிவு பெரிதாகத் தெரியாது. ஆனாலும் அமெரிக்காவில் டிப்ஸ் எப்படியும் வைக்கத்தானே வேண்டும். ஊரிலிருந்து யாராவது வந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போவோம், வேண்டியதை வேண்டிய அளவு சொல்வோம். 2021இல் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு.

இத்தனை தெரிந்தும் மொரிஷியஸ் பூங்காவுக்கு ஜனவரியிலேயே டாம்பாவில் உட்கார்ந்து, நுழைவுச் சீட்டோடு எட்டு மதிய உணவுக் கூப்பன்களையும் இணையத்தில் வாங்கிவிட்டேன். முன்பதிவுக்குப் பத்து சதவீதம் குறைவு என்று போட்டிருந்தது. 'சைவம் உண்டு' என்றும் போட்டிருந்தது. கழிவு போக பெரியவர்களுக்கு 750 ரூபாய், பன்னிரண்டு வயதுக்குக் கீழே 450. ஏழு பெரியவர், ஒரு குழந்தை, மொத்தம் 5,700 ரூபாய். நாங்கள் போனபோது டாலருக்குச் சுமார் 46 மொரிஷியஸ் ரூபாய், அதாவது 124 டாலர்.

பிப்ரவரி 6ஆம் தேதி போனோம். விரதம் நடந்துகொண்டிருக்கிறது. சைவம் என்பதும் காவடி விரதம் என்பதும் ஒன்றல்ல, இதை நான் யோசித்திருக்க வேண்டும். கொடி ஏறியதிலிருந்து பத்து நாள், காவடி எடுப்பவர்கள் வீட்டில் தனிப் பாத்திரத்தில் சமைத்ததைத்தான் சாப்பிடுவார்கள். அவர்களோடு வீடே சேர்ந்துகொள்ளும். அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், அம்மா, பால்குடம் எடுக்கும் நான், ஆக ஐந்து பேர் வெளியில் வாய் வைக்க முடியாது. கூப்பன் ஐந்தும் அப்படியே.

அம்மா இதை முன்பே யோசித்து வைத்திருந்தார். விடியற்காலையிலேயே எழுந்து எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும் கட்டி, ஐந்தடுக்கு எவர்சில்வர் டப்பாவைத் துணிப்பைக்குள் வைத்திருந்தார். வாசலில் காவலர் பையைத் திறந்து பார்த்தார். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று பக்கத்தில் பலகையே இருக்கிறது. நான் கூப்பனை எடுத்துக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா டப்பாவின் மேல் கையை வைத்து, கிரியோலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கறேம்." விரதம் என்று அர்த்தம். காவலர் அம்மாவின் மஞ்சள் புடவையைப் பார்த்தார், அண்ணன் கழுத்தில் இருந்த மாலையைப் பார்த்தார், பையை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவர் தமிழர் இல்லை. அந்தத் தீவில் கறேம் என்றால் எல்லோருக்கும் புரியும்.

மிச்சம் மூன்று கூப்பன்: வீட்டுக்காரர், பெண், பையன். சைவத்தில் இருந்தது மூன்றே வகை. சீஸ் பீட்சா, உருளை வறுவல், காய்கறி போட்ட மீன் ஃப்ரிட். மீன் என்றதும் மிரள வேண்டாம், அங்கே மீன் என்றால் நூடுல்ஸ். என் பெண்ணுக்கு அதுதான் வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் அடுப்பு தெரிகிறது. கோழி போட்டுப் புரட்டிய இருப்புச் சட்டியை ஒரு துணியால் துடைத்துவிட்டு அதிலேயே காய்கறியைக் கொட்டினார்கள். அவள் பார்த்துவிட்டாள். சமையல்காரரிடம் கேட்டேன். நல்ல மனிதர். சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதிதாக எண்ணெய் ஊற்றினார், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனாலும் அவசரப்படவில்லை. அப்புறம் அவரே நிறுத்தி, பாட்டிலைத் திருப்பி ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ஆய்ஸ்டர் சாஸ், சிப்பியில் செய்வது. அது இல்லாமல் தர முடியும், ஆனால் ருசி இருக்காது என்றார். கடைசியில் மூவரும் பீட்சாதான் சாப்பிட்டார்கள்.

ஐந்து கூப்பனைத் திருப்பித் தரலாமா என்று விசாரித்தேன். முடியாது, வேறு நாளுக்கு மாற்றவும் முடியாது, மூன்றரை மணியோடு காலாவதி. 3,750 ரூபாய். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து வந்த ஒரு அம்மா நான்கு பிள்ளைகளோடு நின்று, விலைப் பலகையைப் பார்த்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணி போய் அவர் கையில் ஐந்தையும் கொடுத்துவிட்டு வந்தார். அது மட்டும்தான் அன்றைக்கு நிறைவாக இருந்தது.

பூசத்தன்று கோயிலில் வாழை இலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். பால்குடத்தோடு வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்தவளுக்கு அந்த ரசத்தின் முதல் வாய் எப்படி இருந்தது என்று இங்கே சொல்லி முடியாது.

விரதம் முடிந்து 15ஆம் தேதி சனிக்கிழமை திரும்பவும் அதே பூங்கா. இந்தத் தடவை அண்ணனின் வருடாந்திர அட்டை. அவர் வருடத்துக்கு நாலைந்து தடவை போகிறவர், நுழைவுக் கட்டணத்துக்காகவே அட்டை எடுத்திருக்கிறார். உள்ளே இருக்கும் இரண்டு உணவகங்களில் அதற்கு 15 சதவீதம் கழிவு உண்டு, அட்டைக்காரரோடு எட்டுப் பேர் வரை ஒரே பில்லில் வரலாம். அண்ணன் இதை முதல் தடவையே சொல்லியிருப்பார், நான்தான் அவரைக் கேட்காமல் வாங்கிவிட்டேன்.

அண்ணனுக்கு மீன் வின்டாய், இது நிஜ மீன்தான், கடுகும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தது. அண்ணிக்கும் எனக்கும் இறால் கறி. பையன்களுக்குக் கோழி. பெண்ணுக்குக் கடைசியில் அவள் ஆசைப்பட்ட நூடுல்ஸ், சாஸ் இல்லாமல் முட்டை போட்டு. வீட்டுக்காரர் சைவம்தான், பருப்பும் சோறும். அம்மா அலூடா என்ற பால் பானம் மட்டும். பில் 5,180 ரூபாய், கழிவு 777, கொடுத்தது 4,403. கூப்பனில் ஐஸ்கிரீமும் சேர்த்தி, இதில் இல்லை. வெளியில் ஐஸ்கிரீம் வண்டியில் கழிவு கிடையாது, ஆறு கோனுக்கு 540. அதையும் கூட்டினாலும் 4,943தான். கூப்பனைவிட 757 ரூபாய் குறைவு, அதுவும் எல்லோரும் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டு.

பணம் கொடுக்கும்போது என் பையன் நூறு ரூபாய் நோட்டைப் பிடுங்கி, 'நூறு ரூபாய்' என்று தமிழில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தான். 1998இல், நோட்டில் மொழிகள் வரும் வரிசையில் தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளி அடித்தபோது நம்மவர்கள் எதிர்த்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். அப்பா அந்தக் கதையை அடிக்கடி சொல்வார். அண்ணன் அதை அவனுக்கு மேசையிலேயே சொன்னார்.

அட்டையிலும் குறை இருக்கிறது. பொது விடுமுறை நாட்களில் செல்லாது. பில்லைப் பிரித்துத் தர மாட்டார்கள். அட்டைக்காரர் நேரில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் போகிற வெளிநாட்டுக் குடும்பத்துக்கு அட்டை வாங்கிக் கட்டுபடியாகாது. ஆனால் நமக்குத்தான் ஊரில் ஆள் இருக்கிறார்களே. போகுமுன் அண்ணனிடமோ மாமாவிடமோ, உங்களிடம் என்ன அட்டை இருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கூப்பன் வாங்குவதாக இருந்தால் வாசலில் வாங்குங்கள், அன்றைக்கு யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று எண்ணிவிட்டு. பத்து சதவீதத்துக்காக ஒரு மாதம் முன்னால் வாங்காதீர்கள். வளரும் பையன்கள் மூன்று பேர் இருக்கிற, அசைவம் சாப்பிடும் குடும்பத்துக்குக் கூப்பன் லாபமாகக்கூட இருக்கும்.

அப்புறம் ஓட்டல். 17, 18 இரண்டு இரவும் பெல் மார் பக்கம். எல்லாம் சேர்ந்த திட்டமா, காலையும் இரவும் மட்டும் சேர்ந்த டெமி பென்சியோவா என்று கேட்டார்கள். வித்தியாசம் ஓர் இரவுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய். மது குடிப்பவர் யாரும் இல்லை. பகலில் இல் ஓ செர் தீவுக்குப் படகில் போகிறோம், மதியம் ஓட்டலில் இருக்கவே போவதில்லை. ஆகவே டெமி பென்சியோ எடுத்தோம். கிழக்குக் கரையில் இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே கட்டுவது நல்லது. இருட்டிவிட்டால் வெளியில் கடை தேடி டாக்சிக்குக் கொடுக்கும் காசே அந்தச் சாப்பாட்டு விலைக்கு வந்துவிடும். வடக்கே கிராண்ட் பே பக்கம் தங்கினால் காலைச் சாப்பாடு மட்டும் போதும், தெருவெல்லாம் கடை.

இங்கே ஒரு காரியம் சரியாகச் செய்தேன். இரண்டு நாள் முன்பே போன் செய்து, எழுபத்தாறு வயது அம்மா, சுத்த சைவம், முட்டை கிடையாது என்று சொன்னேன். முதல் இரவு கடல் உணவு பஃபே. ஆனால் சமையலறையிலிருந்து ஒருவர் தட்டோடு வந்தார்: சோறு, பருப்பு, கத்தரிக்காய், ஒரு கிண்ணம் தக்காளிச் சட்னி. அம்மா சட்னியை விரலால் தொட்டுப் பார்த்து, காரம் சரியாக இருக்கிறது என்றார். அம்மாவிடம் இது பெரிய சான்றிதழ்.

விலை பேசும்போது உள்ளூர்க்காரர் விலை உண்டா என்று கேட்க மறக்காதீர்கள். அங்கே பல ஓட்டல்களில் குடிமக்களுக்குத் தனி விலை உண்டு. என் மொரிஷியஸ் அடையாள அட்டையை நான் விடவில்லை. நாங்கள் தங்கிய இடத்தில் ஓர் அறைக்கு ஒரு அட்டை போதும் என்றார்கள். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லும் விலையில் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

கிளம்புகிற அன்று காலை ரோஸ் ஹில்லில் அண்ணனோடு நடந்து போய்த் தால் பூரி வாங்கினோம், பீன்ஸ் கறியும் சட்னியும் வைத்துத் தாளில் சுருட்டி. எட்டுப் பேருக்கும் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை. வரும் வழியில் அண்ணன் பூங்கா அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நவம்பரில் முடிகிறதாம். நீ அடுத்து எப்போது வருகிறாய் என்று சொல், அதைப் பார்த்துப் புதுப்பிக்கிறேன் என்றார். நான் இன்னும் தேதி சொல்லவில்லை.