குந்தவையா, நப்பின்னையா?

மகளுக்கு அரிய பழந்தமிழ்ப் பெயர் தேடுவோர் இந்த இரண்டில் வந்து தயங்கி நிற்பதுண்டு.

குந்தவை என்றதும் சோழர் நினைவு வரும். முதலாம் இராசராசனின் அக்கா அவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'அக்கன் குடுத்தனவும்' என்று தம்பியே அவர் கொடையைத் தன் கொடைக்கு அடுத்து வெட்டச் சொன்னான். தன் மகளுக்கும் அதே பெயரை வைத்தான். அவள் வேங்கி நாட்டு மன்னன் விமலாதித்தனுக்கு மனைவியானாள். கல்கியின் பொன்னியின் செல்வன் தொடராக வந்ததிலிருந்து இந்தப் பெயர் வீடுதோறும் தெரியும். 2022-இல் படமும் வந்தது. எல்லோருக்கும் தெரிந்தும் வைப்பவர் குறைவு என்பதுதான் வியப்பு.

நப்பின்னையின் வேர் அரண்மனையில் இல்லை, ஆயர்பாடியில் இருக்கிறது. ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் மணந்த பெண். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் வருகிறாள். திருப்பாவையில் ஆண்டாள் 18, 19, 20 என மூன்று பாசுரங்களில் அவளை விளிக்கிறாள். வளையொலிக்க வந்து கதவைத் திறக்கச் சொல்கிறாள். வடமொழி மரபில் நீளாதேவி என்பார்கள். 'பின்னை'க்கு முன் நிற்கும் 'ந' சிறப்பு குறித்தது, நக்கீரர், நச்செள்ளையார் என்ற சங்கப் புலவர் பெயர்களில் போல. மார்கழி தவறாமல் காதில் விழுந்தும் பள்ளி வருகைப் பதிவேட்டில் இந்தப் பெயரைக் காண்பது மிக அரிது.

கூப்பிட எளிது குந்தவை. என் மனம் நப்பின்னை பக்கம். வீட்டில் 'பின்னை' என்று சுருக்கினாலும் பெயர் கெடாது, ஆழ்வார்களே அப்படிப் பாடியிருக்கிறார்கள்.